முடிவை மாற்றச் சொன்ன நடுவர்களுக்கு

விழாக்குழுத் தலைவர் அவர்களுக்கும் சிறுகதைப் போட்டியின் நடுவர்கள் மூவருக்கும்,

பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி உங்கள் போட்டிக்கு எழுதிய மாயக்கதையை இறுதிச் சுற்றுக்குத் தெரிவு செய்தீர்கள். மொழி நன்று, கற்பனை நன்று என்றீர்கள். முதற்பரிசுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தீர்கள்: முடிவை மாற்ற வேண்டும். கதையின் கடைசியில் வில்லன் திருந்தி வந்து நிற்கிறான், நாயகி அவனை ஏற்காமல் அனுப்பிவிடுகிறாள். இருவரையும் சேர்த்துவைத்தால் முதற்பரிசும் விழா மலரில் இடமும் உண்டு என்று சொல்லியனுப்பினீர்கள். பிள்ளை மறுத்துவிட்டாள். இப்போது வெளியாகியிருக்கும் முடிவுகளில் அவளுக்கு ஆறுதல் பரிசு. மலரில் அவள் கதை இல்லை.

திருப்பி அனுப்பிய பிரதியின் கடைசிப் பக்கத்தில் உங்களில் ஒருவர் எழுதியிருந்த குறிப்பை வாசித்தேன். திருந்தி வந்தவனை ஏற்காத நாயகி இளையவர்களுக்குத் தவறான முன்மாதிரி என்றும், மன்னிப்பதுதான் பெண்ணுக்கு அழகு என்றும் அதில் இருந்தது. விளக்கம் கேட்க வந்தபோது இன்னொருவர், "இந்த ஜப்பான் அனிமேக்களைப் பார்த்துத்தானே பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள்? அதிலேயே கடைசியில் சேர்த்துத்தானே வைக்கிறார்கள்?" என்றார். இரண்டுக்கும் பதில் சொல்ல அன்று எனக்கு இடம் தரப்படவில்லை. அதனால் எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நான் திருகோணமலை உவர்மலையில் சனி ஞாயிறுகளில் சித்திர வகுப்பு நடத்துகிறவள். அந்தப் பிள்ளை என்னிடம் படிக்கிறாள், ஆகவே நான் அவள் பக்கம். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

மலரில் வராததால் ஊருக்கு அந்தக் கதை தெரியாது. கடல் சூழ்ந்த ஒரு நாடு. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று நான்கு காற்றுகளையும் ஒரு கயிற்றில் நான்கு முடிச்சுகளாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் காலத்தில் எந்த முடிச்சை அவிழ்ப்பது என்று அறிந்தவள் நாயகி. அவளைத் தேடி ஒருவன் வருகிறான். நன்றாகப் பாடுவான், கனிவாகக் கதைப்பான். அவள் அவனை விரும்புகிறாள். அவன் வந்ததோ கயிறு இருக்கும் இடத்தை அறிய. ஓர் இரவு வாடையின் முடிச்சைத் திருடி அவிழ்த்துவிடுகிறான். தொழிலுக்குப் போன தோணிகள் திரும்பவில்லை. அவளுடைய தம்பி போன தோணியும் அவற்றில் ஒன்று. அந்தக் காற்றின் பலத்தால் அவன் அரசனாகிறான்.

கதையின் மறுபாதி முழுக்க அவன் திருந்துவதுதான். அரசை விடுகிறான். தோணி திரும்பாத வீடுகளுக்கெல்லாம் நடந்து போய் வாசலில் நின்று, "உங்கள் பிள்ளையைக் கொன்றவன் நான்" என்று சொல்கிறான். ஒரு வீட்டில் கல்லெறிகிறார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஒரு கிழவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறாள். பிறகு அவன் தோணி கட்டப் பழகி, இழந்த வீடுகளுக்குக் கட்டிக் கொடுக்கிறான். எல்லாம் முடிந்து நாயகியிடம் வருகிறான். அவள், "நீ நல்லவனாகிவிட்டாய். எனக்குச் சந்தோசம். இனி என் வீட்டுக்கு வராதே" என்கிறாள். அவன் போய்விடுகிறான். அடுத்த நாள் அவள் சோளகத்தை அவிழ்க்கிறாள், தோணிகள் கடலுக்குப் போகின்றன.

இந்த வில்லனுக்கு மீட்சி இல்லை என்று பிள்ளை எங்கே எழுதியிருக்கிறாள்? கதையில் பாதியை அவனுக்குத்தான் கொடுத்திருக்கிறாள். அவன் செய்ததை அவன் வாயாலேயே சொல்லவைத்து, குற்றத்தால் பெற்ற அரசை விடவைத்து, நாயகி பார்க்காத இடத்திலும் வேலை செய்யவைத்து, மனிதனாக்கித்தான் அனுப்புகிறாள். அவள் கொடுக்காதது நாயகியை மட்டும். அதைத்தான் நீங்கள் குறை என்கிறீர்கள்.

வில்லனாக வரும் காதலன் திருந்த இடமுண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். என் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் வரைவது நாயகர்களை அல்ல, வில்லன்களை. வெள்ளி முடி, கூர்மையான கண், கழுத்தில் ஒரு தழும்பு. ஏன் இவனை வரைகிறாய் என்று கேட்டால், "இவனுக்குள்ள ஒரு நல்லது இருக்கு ரீச்சர்" என்பார்கள். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் செய்த கொடுமையோடு அவன் கதை முடிந்துபோவதில்லை என்று நம்புகிற வயது அது. அந்த நம்பிக்கை எனக்கும் வேண்டும். ஆனால் அவன் திருந்துவது ஒரு விசயம், அவள் அவனோடு வாழ்வது இன்னொரு விசயம். முதலாவதை அவன் தனியாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். இரண்டாவதை முடிவு செய்கிறவள் அவள். நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்.

இனி அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள். பள்ளிக்கூட நாள் முதல் பார்த்து வருகிறேன், அதனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

உங்களுக்குச் சாதகமானதையே முதலில் எடுக்கிறேன். நருட்டோ என்ற நிஞ்சாக் கதையில் சசுகே, சகுரா என்று இருவர். அவள் சிறுவயதிலிருந்து விரும்பியவன் பழிவாங்கும் வெறியில் ஊரைவிட்டுப் போகிறான், ஒரு கட்டத்தில் அவளையே கொல்லப் பார்க்கிறான். கடைசிச் சண்டையில் ஒரு கையை இழந்தபிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். மன்னிக்கப்பட்டும் ஊரில் தங்காமல் தன் பாவத்தைச் சுமந்து அலையப் போகிறான். பிறகு திருமணம், ஒரு மகள். 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை அது. சசுகேயின் வலிக்கு அதில் எத்தனையோ அத்தியாயங்கள் உண்டு. தன்னைக் கொல்ல வந்தவனைப் பற்றி சகுராவுக்கு என்ன கோபம் இருந்தது, எந்த இரவில் அது தீர்ந்தது என்பதற்கு இடமே இல்லை. அவள் மன்னித்தது எனக்குக் குறையில்லை. மன்னிக்கலாமா என்று அவள் யோசிக்கும் ஒரு காட்சிகூடத் தராததுதான் குறை. என் வகுப்பில் இதை வைத்து நடக்காத சண்டை இல்லை. பெடியன்கள் பாதிப்பேர் சகுராவுக்காகப் பேசிய பெண்பிள்ளைகளின் பக்கம்தான் நின்றார்கள்.

டிராகன் பால் இசட்டில் வெஜிடாவும் அப்படித்தான். பூமியை அழிக்கப் பார்த்தவன், பிறகு புல்மா என்பவளின் பிள்ளைக்குத் தகப்பன், கடைசியில் குடும்பத்துக்காக உயிரையே விடுகிறான். அவன் மாறியதை நம்பலாம். ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையில் அன்பு எப்படி வந்தது என்று அந்தத் தொடர் காட்டவே இல்லை. தெரியவேண்டியது அதுதான்.

இனுயாஷாவைப் பாருங்கள். ருமிகோ தகாஹாஷியின் மங்கா. அனிமேயாக 2000 முதல் 2004 வரை 167 எபிசோட், மிச்சக் கதை 2009, 2010 இல் இன்னும் 26. அதில் நராகு என்ற வில்லன் பிறப்பதே ஓர் ஆசையிலிருந்துதான். தீக்காயத்தோடு குகையில் கிடந்த கொள்ளைக்காரன் ஒனிகுமோவைப் பூசாரிப் பெண் கிக்யோ பார்த்துக்கொள்கிறாள். அவனுக்கு அவள்மேல் ஆசை, அதற்காகப் பேய்களுக்குத் தன்னையே கொடுக்கிறான். அதிலிருந்து வந்த நராகு, அவள் காதலன் இனுயாஷாவின் உருவில் வந்து அவளை வெட்டுகிறான். காதலன்தான் வெட்டினான் என்று நம்பி அவள் இனுயாஷாவை மரத்தோடு அம்பால் அறைந்துவிட்டுச் சாகிறாள். இனுயாஷா 50 வருடம் அந்த மரத்தில் கிடக்கிறான். கடைசியில் நராகு சாகும்போது, தான் உண்மையில் வேண்டியது கிக்யோவின் மனத்தைத்தான் என்று அவனுக்கே புரிகிறது. அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இன்றைக்கும் வரும். அந்த இரக்கத்தைக் கதை அவனுக்குக் கொடுக்கிறது, கிக்யோவைக் கொடுக்கவில்லை. அங்கே சேர்த்துவைத்திருந்தால் அத்தனை எபிசோட் பார்த்தவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

அப்புறம் யோனா. 'யோனா ஆஃப் த டான்' 2014, 2015 இல் 24 எபிசோடாக வந்தது. பிள்ளையின் கதைக்கு மிகக் கிட்டத்தில் நிற்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். யோனா ஓர் இளவரசி. சிறுவயதிலிருந்து சூ-வோனை விரும்புகிறாள். அவளுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கு அவன் தலைக்கு ஓர் ஊசி பரிசளிக்கிறான். அன்றிரவே அவளுடைய தகப்பனான அரசனை அவன் வாளால் கொல்வதை அவள் நேரில் பார்க்கிறாள். உயிர்தப்பிக் காட்டுக்குள் ஓடியபிறகும் அந்த ஊசியை அவளால் எறிய முடியவில்லை, தொலைந்துபோனால் தேடிப் போகிறாள். ஒரு நாளில் அன்பு செத்துவிடாது என்பதை அந்தக் கதை மறைக்கவில்லை. சூ-வோனும் வெறும் கொலைகாரன் இல்லை. அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆட்சியும் கெட்டிக்காரத்தனமாக நடத்துகிறான். ஊர் ஊராகப் போகும் யோனா, தன் தகப்பன் காலத்தில் சனங்கள் பட்ட துன்பத்தையும் கண்ணால் பார்க்கிறாள். இவ்வளவும் தெரிந்தபிறகும் அவள் அவனிடம் திரும்பி ஓடுவதில்லை. வில் பழகுகிறாள். அவன் நல்ல அரசன் என்பதும் அவளுடைய அப்பாவைக் கொன்றவன் என்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று மற்றதை அழிப்பதில்லை. அதைத் தாங்கிக்கொண்டு நடக்கிற பிள்ளையைத்தான் இங்கே இந்த வயதுப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். அனிமே பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லுமுன் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

ஜப்பான் வேண்டாம், நம் மலைக்கே வருவோம். வில்லனை நேசிக்கத் தெரிந்த ஊர் திருகோணமலை. கோணேசர் மலையில் பாறை பிளந்த இடத்தை இராவணன் வெட்டு என்கிறோம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் தாய்க்குக் கடன் கழிக்க அவன் உண்டாக்கினான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சம்பந்தர் கோணமாமலைமேல் பாடிய பதிகத்தின் எட்டாம் பாட்டில் அவன் வருகிறான். கயிலையை எடுத்தவனின் செருக்கை ஈசன் விரலால் அடக்குகிறான், அவன் துதித்தபோது அருளும் கொடுக்கிறான். மலையின் கீழ் நசுங்கிக்கிடந்தவன் தன் நரம்பையே யாழாக்கிப் பாடினான் என்றும் சொல்வார்கள். அவ்வளவு பெரிய குற்றவாளிக்கும் மீட்சி உண்டு என்று இங்கே தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அங்கே மன்னித்தது யார்? மலையைத் தூக்கியது ஈசனுக்குச் செய்த பிழை, அதை ஈசன் மன்னித்தான். சீதைக்குச் செய்ததை சீதையின் சார்பில் மன்னிக்க ஒருவரும் முன்வரவில்லை. இராவணனைக் கொண்டாடுகிற எவரும், அவன் பெரிய சிவபக்தன், வீரன், இசை தெரிந்தவன், ஆகவே சீதை அவனை ஏற்றிருக்க வேண்டும் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. அசோகவனத்தில் தன்னை வதைத்த அரக்கியரைத் தண்டிக்கட்டுமா என்று அனுமன் கேட்டபோது, வேண்டாம் என்று தடுத்ததும் சீதைதான். மன்னிக்கிற உரிமையும் மறுக்கிற உரிமையும் பட்டவளிடமே இருந்தன. நம் பெரியவர்கள் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கிறது.

மன்னிப்பதுதான் பெண்ணுக்கு அழகு என்று எழுதினீர்களே, அதற்குக் கதைக்கு வெளியில் இருந்து ஒன்று சொல்லவேண்டும். எனக்கு மிகவும் நெருங்கிய ஒருத்தி, என்னைவிட மூத்தவள். கட்டிக்கொண்டவர் குடித்துவிட்டு அடிப்பார். ஒருநாள் கை முறிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு அவர் குடியை விட்டார். பொய்யில்லை, உண்மையாகவே விட்டார். கோயிலில் சத்தியம் செய்தார், ஒழுங்காக வேலைக்குப் போனார். பெரியவர்கள் கூடி வந்து, மனுசன் திருந்திவிட்டான், இனியும் நீ பிடிவாதம் பிடித்தால் பிழை உன்னில்தான் என்றார்கள். அவள் போனாள். அவர் இன்றுவரை கை நீட்டவில்லை. ஊரெல்லாம் அதை நல்ல முடிவு என்கிறது. நான் அவளிடம் போய் உட்கார்ந்திருப்பேன். பின்னேரத்தில் படலை திறக்கிற சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருப்பவள் வசனத்தைப் பாதியில் விட்டுவிடுவாள். யார் வந்தது என்று பார்த்தபிறகுதான் மூச்சு வரும். அவர் மாறியது அவருக்குள் நடந்தது. அவளுடைய பயம் அவளுக்குள் இருக்கிறது, அதை அவர் மாறி எடுத்துவிட முடியவில்லை. உனக்கு இது வேண்டுமா என்று அன்று ஒருவராவது அவளிடம் கேட்டிருந்தால், ஒருவேளை அவளே யோசித்துப் போயிருப்பாள், ஒருவேளை போயிருக்கமாட்டாள். கேட்கவில்லை. உங்கள் குறிப்பை வாசித்தபோது அந்தப் பெரியவர்களின் குரலைத்தான் நான் கேட்டேன்.

அந்தக் கதையில் வில்லன் வாசல் வாசலாகப் போகும் பகுதி நீளம் என்றும் உங்களில் ஒருவர் குறித்திருக்கிறார். நான் அதை வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். உங்கள் பிள்ளையை நான்தான் கொன்றேன், மன்னியுங்கள் என்று ஒருவரும் வந்து சொல்லாத வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாதா? மூதூரில் கேளுங்கள், சம்பூரில் கேளுங்கள், நகரத்திலேயே கேளுங்கள். அந்தப் பிள்ளை போரைப் பார்க்கும் வயதில் இருந்தவள் அல்ல. ஆனாலும் வீடுகளில் கதைப்பதைக் கேட்டு வளர்ந்தவள். ஒருவன் வந்து வாசலில் நின்று செய்ததைச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்துதான் அதற்கு அத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். கல்லெறிந்த வீட்டையும் தண்ணீர் வைத்த கிழவியையும் அவள் ஒரே மரியாதையோடு எழுதியிருக்கிறாள். இதைவிட மன்னிப்பைப் பற்றி நீங்கள் அவளுக்கு என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கவலை முழுக்கப் பொய்யில்லை. பழிவாங்குவதை மட்டுமே நீதியாகக் காட்டும் கதைகள் இளையவர்களிடம் நிறையப் போகின்றன. அதேபோல, பெண்ணைக் கடத்துகிறவனையும் அடிக்கிறவனையும் அழகாக வரைந்து, அதுவே காதல் என்று சொல்கிற அனிமேக்களும் இருக்கின்றன. அவற்றை நானும் வகுப்பில் கண்டித்துப் பேசுகிறேன். ஆனால் இந்தக் கதை அந்த இரண்டும் இல்லை. பழியும் வாங்காமல், அடங்கியும் போகாமல் ஒரு முடிவை அவள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த முடிவுக்காகத்தான் பரிசே கொடுத்திருக்க வேண்டும்.

சேர்த்துவைக்கிற கதைகளை நான் எதிர்க்கவில்லை. இன்னொரு பிள்ளை, திருந்தியவனை நாயகி ஏற்றுக்கொள்வதாக எழுதி, ஏன் ஏற்கிறாள் என்பதையும் அவள் மனத்துக்குள் போய் எழுதியிருந்தால் அதையும் இதே அளவு விரும்பியிருப்பேன். அப்படி எழுதிய பிள்ளையிடம் அவளைப் பிரித்துவை என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் இந்த மடலை எழுதியிருப்பேன்.

இனி உங்களிடம் கேட்பவை.

முதலில், கதையை அவள் எழுதிய முடிவோடு, ஒரு வரி மாற்றாமல், விழா மலரில் சேருங்கள். மலர் அச்சுக்குப் போய்விட்டதென்றால் தனித்தாளாக அச்சிட்டு மலருக்குள் வைத்துக் கொடுங்கள். அச்சுக்கூலி பிரச்சினை என்றால் அதை நானும் பிள்ளைகளின் பெற்றோரும் தருகிறோம்.

முதற்பரிசை மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைப் பெற்ற பிள்ளையும் உழைத்துத்தான் எழுதியிருக்கிறது, அதனிடமிருந்து பிடுங்குவது நியாயமில்லை. ஆனால் ஆறுதல் பரிசு தரத்தைப் பார்த்து வந்ததல்ல, நிபந்தனையை மறுத்ததால் வந்தது என்பதை விழா மேடையில் சொல்லவேண்டும். அந்தக் கடைசிப் பக்கக் குறிப்பை எழுதியவர் அதை எழுத்தில் மீளப் பெறவும் வேண்டும். பெண்ணுக்கு எது அழகு என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பியில் எழுதுவது நடுவரின் வேலை அல்ல.

அடுத்த வருடத்திலிருந்து போட்டி விதிகளில் ஒன்று சேருங்கள்: கதையின் முடிவையோ பாத்திரத்தின் செயலையோ மாற்றும்படி எந்தப் பிள்ளையிடமும் பரிசுக்கு நிபந்தனையாகக் கேட்கக்கூடாது. மாயக்கதையும் மங்காவும் வாசிக்கிற ஒருவரையாவது நடுவராக வையுங்கள். இந்த ஊரில் அப்படி ஆசிரியைகள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள்.

கடைசியாக, விழாவன்று அவள் விரும்பினால் தன் கதையை மேடையில் தானே வாசிக்கப் பத்து நிமிடம் கொடுங்கள். வாசிப்பதா இல்லையா என்பதை அவளிடமே கேளுங்கள். என்னிடமோ அவள் அம்மாவிடமோ கேட்கவேண்டாம்.

இவற்றுக்கு விழாவுக்கு முன்பே எழுத்தில் பதில் தாருங்கள், பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய சித்திர ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.